சாயத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு கோடு

நகரத்தின் முழுமைத் திட்டம் என்பது பார்வைக்கு ஒரு பெரிய வண்ணப்படம். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, வேளாண்மைக்குப் பச்சை. அந்தப் படத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் விழுகிறதோ, அதை வைத்துத்தான் பல ஆண்டுகளுக்கு எல்லாம் நடக்கும். வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, நாலு தறி போடலாமா, பக்கத்து மனையில் பெயின்ட் அடிக்கும் கொட்டகை வந்தால் ஆட்சேபிக்க வழி உண்டா, எல்லாவற்றுக்கும் பதில் அந்த நிறத்தில் இருக்கிறது. வரைவு வெளியான பிறகு மக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இரண்டு மாதம் குறைவான காலம் அல்ல. ஆனால் அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழின் உள்பக்கத்திலும் வந்து போகும். மனை வியாபாரம் செய்பவர்கள் போய்ப் பார்ப்பார்கள். மற்றவர்கள் காதுக்கு எட்டும்போது கெடு முடிந்திருக்கும்.

தமிழகத்தின் நடுத்தர நகரங்களுக்கு முழுமைத் திட்டங்கள் புதிதாக எழுதப்படுவதும் பழையவை திருத்தப்படுவதுமாக இருக்கும் காலம் இது. கரூரை வைத்துப் பேசுகிறேன். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, பஸ் கூண்டு கட்டுதல், கொசுவலை, அருகே புகழூரில் காகித ஆலையும் சர்க்கரை ஆலையும், புலியூரில் சிமென்ட் ஆலை, இத்தனைக்கும் நடுவே அமராவதி, வடக்கே காவிரி. தொழிலும் குடியிருப்பும் பாசனமும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஊர் அதிகம் இல்லை. இங்கே கோடு சரியாக விழுந்தால் மற்ற ஊர்களுக்கும் வழி தெரியும்.

பழைய கரூர் நகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் அதற்குள் இருந்தவர்கள் சுமார் 71 ஆயிரம் பேர். அதே ஆண்டு இனாம் கரூர், தாந்தோணி நகராட்சிகளும் சணப்பிரட்டி ஊராட்சியும் சேர்க்கப்பட்டு நகரம் 53 சதுர கிலோமீட்டராகவும் இரண்டேகால் லட்சத்துக்கு மேற்பட்ட மக்களாகவும் விரிந்தது. 2021-இல் மாநகராட்சி ஆனது. எல்லை ஒரு கையெழுத்தில் விரிந்துவிடும். சாக்கடையும் சாலையும் பட்டறைகளின் இருப்பும் அப்படி விரிவதில்லை. செங்குந்தபுரம், காமராஜபுரம் பக்கம் போனால், கீழே பேக்கிங், நடுவில் தையல், மேலே குடும்பம் என்று ஒரே கட்டடத்தில் மூன்று உபயோகம் இருக்கும். புறவழிச்சாலை ஓரங்களில் கூண்டு கட்ட வந்த சேஸிகள் வரிசையாக நிற்கும். வெறும் இரும்புச் சட்டமும் எஞ்சினும் ஸ்டீயரிங்குமாக, தலைக்கு மேல் கூரை இல்லாமல் ஓட்டி வரப்பட்ட வண்டிகள் அவை. பட்டறைக்குள் இடம் கிடைக்கும்வரை சாலையோரம்தான் அவற்றுக்குக் கிடங்கு. இந்த நெருக்கம்தான் கரூரை வளர்த்தது, அதில் சந்தேகமே இல்லை. சாயம் போட்ட நூல் அடுத்த தெருத் தறிக்கு வரும், தறியிலிருந்து இறங்கிய துணி அதற்கடுத்த தெருத் தையலுக்குப் போகும். லாரி வாடகை மிச்சம், ஆள் தேடும் அலைச்சல் மிச்சம். ஆகவே தொழிலையெல்லாம் மொத்தமாக ஊருக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த ஊரின் பிழைப்பு தெரியவில்லை என்றுதான் பொருள். எது ஊருக்குள் இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்வதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

சாயத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய காயம் அங்கேதான் இருக்கிறது.

கரூரிலிருந்து கப்பலேறும் மேசைவிரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு எல்லாவற்றிலும் பருத்திக்குப் பெரும் பங்கு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்து கிடக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவது உப்புதான். நடுத்தர நிறத்துக்கு லிட்டர் சாயநீருக்கு 40 கிராம், அடர் நிறம் என்றால் 80 கிராமும் அதற்கு மேலும் போகும். இந்த உப்பு துணியில் தங்காது. வேலை முடிந்ததும் போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். சாயக்கழிவில் கண்ணுக்குத் தெரிவது நிறம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு, நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டு, நிறத்தைப் பெருமளவு எடுத்துவிடலாம். தெளிந்து வரும் தண்ணீரைப் பார்த்தால் வாய்க்காலில் விடலாம் என்றுதான் தோன்றும். அதில் உப்பு அப்படியே இருக்கும். ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. தொட்டியில் போடுவதோ நடுத்தர நிறத்துக்கே 40 ஆயிரம் மில்லிகிராம். அலசும் தண்ணீரெல்லாம் சேர்ந்து நீர்த்தாலும் வரம்புக்குள் வராது. ஆர்.ஓ. வைத்து வடிகட்டி, மிஞ்சும் கரைசலை எவாப்பரேட்டரில் வற்றவைத்தால்தான் உப்பு வெளியே வரும். அதற்கு நீராவி வேண்டும், பாய்லர் வேண்டும், மின்சாரம் வேண்டும், இரவு பகலாக ஆள் வேண்டும்.

நாலு தொட்டி வைத்திருக்கும் பட்டறைக்காரர் இதைத் தனியாகச் செய்ய முடியாது. நேர்மையானவராக இருந்தாலும் முடியாது. நாற்பது ஐம்பது பட்டறைகள் ஒரே இடத்தில் அமைந்து குழாயால் இணைந்தால் செய்யலாம். தொழில் மண்டலம் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இந்தச் செலவுக் கணக்குதான். ஊரின் அழகுக்காகக் கேட்பது அல்ல.

மண்டலம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கரூர் ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. நொய்யல் ஆறு இங்கே, கரூர் மாவட்டத்தில்தான் காவிரியில் சேர்கிறது. மேலே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டினார்கள். கீழே ஆத்துப்பாளையம் வழியாகக் கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தருவது நோக்கம். திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு அணைக்குள் வந்து தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவுக் குட்டையானது. தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே வழக்குப் போட வேண்டிய நிலை வந்தது. தண்ணீர் கேட்டு அல்ல, தண்ணீர் வேண்டாமென்று. ஆற்றோரத் தோட்டங்களில் மண் மேல் வெண்மை பூத்தது, கிணற்று நீர் பயிருக்கு உதவாமல் போனது, தென்னை காய்ப்பு நின்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட வழக்கின் முடிவில், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. ஒரே உத்தரவில் நூற்றுக்கணக்கான பட்டறைகளின் மின் இணைப்பு போனது. வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டினார்கள். பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்கு வந்த பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது.

இதில் யாரைக் குற்றம் சொன்னாலும் பாதி உண்மைதான் கிடைக்கும். நீதிமன்றம் தொழிலை அழித்தது என்பவர்கள் உண்டு. ஆனால் நீதிமன்றத்தின் கையில் இருந்தது மூடு, திற என்ற இரண்டு கட்டளைகள் மட்டுமே. எங்கே வைக்கலாம், எப்படிப் படிப்படியாக மாற்றலாம், செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதெல்லாம் ஊர் கூடி முன்பே முடிவு செய்திருக்க வேண்டியவை. ஊர் முடிவு செய்யாமல் விட்டதைத்தான் நீதிமன்றம் தனக்குத் தெரிந்த வழியில் முடித்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தலையிட நேர்ந்ததும் இப்படித்தான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பில். அது பாலாற்றுக்கு மட்டுமான தீர்ப்பு அல்ல.

நொய்யலில் பாதிக்கப்பட்ட கரூர், அமராவதிக்கு அதையேதான் செய்தது. ஆண்டாங்கோவில் பக்கமும் சுக்காலியூர் பக்கமும் ஆற்றோரக் கிணறுகளில் நீர் உப்பான கதை உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். மேலே இருப்பவர் தவறு செய்தால் வழக்கு, நாம் செய்தால் தொழில் நிர்பந்தம் என்ற கணக்கு நியாயம் ஆகாது. கீழே திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு சேர்கிறது. அங்கிருந்து குளித்தலை வழியாக டெல்டா வரை அந்த நீர் போகிறது. நொய்யலுக்காக நாம் கேட்ட நீதியை நம்மிடம் கேட்க நமக்குக் கீழே இருப்பவர்களுக்கும் உரிமை உண்டு.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாசுபடுத்தும் தொழில்களை நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வைக்கக் கூடாது என்று 1989-இல் ஓர் அரசாணை, 1998-இல் காவிரியும் அதன் துணையாறுகளும் உள்ளிட்ட ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கி இன்னொரு அரசாணை. நல்ல ஆணைகள். ஆனால் வரைபடத்தில் அமராவதியின் இரு கரையிலும் ஐந்து கிலோமீட்டர் அளந்து பாருங்கள். நகரத்தின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். வடக்கே காவிரியின் ஐந்து கிலோமீட்டர் வேறு. இங்கே கூடாது என்று சொன்ன சட்டம் எங்கே போவது என்று சொல்லவில்லை. சாயத்தின் தேவையோ குறையவில்லை. தோட்டத்துக் கொட்டகையிலும் வீட்டுக் கொல்லையிலும் பெயர்ப்பலகை இல்லாமல் தொட்டி முளைப்பது அதனால்தான். அதிகாரிகள் வந்து இடிப்பார்கள். படம் பத்திரிகையில் வரும். சில மாதத்தில் வேறொரு சந்தில் வேறொரு தொட்டி. முழுமைத் திட்டம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆறுகளின் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால், பாசனம் இல்லாத வறண்ட மேட்டு நிலத்தில், நிலத்தடி நீரின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகு, சாயத்துக்கென்று ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமத்தின் சம்மதமும் அதற்கு வேண்டும். கேட்காமல் குறித்துவிட்டுப் பிறகு காவல் துறையை வைத்துப் பேசினால் அது திட்டம் ஆகாது.

அடுத்தது தறியும் பட்டறையும். குடியிருப்புப் பகுதியில் எந்தத் தொழிலை அனுமதிக்கலாம் என்பதற்கு நம் விதிகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோல் மோட்டாரின் குதிரைத்திறனும் ஆட்களின் எண்ணிக்கையும். மின்சாரம் அரிதாக இருந்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். இன்று ஒரு பெரிய தையல்கூடம் அதிக மின்சாரம் எடுத்தும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராமல் ஓடும். நாலே நாலு விசைத்தறி குறைந்த மின்சாரத்தில் ஓடிக்கொண்டு பொதுச்சுவரை அதிரவைக்கும். தறி ஓடும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும். அலமாரியில் வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சன்னமாகச் சத்தமிட்டுக்கொண்டே இருக்கும். சுவரில் கீறல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மொட்டைமாடிக்குப் போகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. தெரு குடியிருப்பா தொழிலா என்றே தீர்மானிக்காத ஊரில் எந்த வரம்பைப் பிடித்து அளப்பது?

எனவே புதிய விதிகள் குதிரைத்திறனை விட்டுவிட்டு விளைவை அளக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு எல்லைச் சுவரில் எவ்வளவு ஓசை, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர், என்ன ரசாயனம், எத்தனை லாரி, தீப்பிடித்தால் வண்டி உள்ளே போக எவ்வளவு அகலப் பாதை என்று கேட்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016 முதல் தொழில்களை மாசுக் குறியீட்டால் பிரிக்கிறது. 2016-இன் அளவுகோலில் 60-உம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை என்று இருந்தது. இந்த நிறங்கள் முழுமைத் திட்டத்தின் நிறங்களோடு நேராகப் பேச வேண்டும். தையல், வெட்டுதல், மடித்து அடுக்குதல் போன்றவை குடியிருப்போடு கலந்து தாராளமாக இருக்கட்டும். அங்கே வேலைக்குப் போகும் பெண்களில் பலர் நடந்து போகக்கூடிய தூரத்தில் வேலை இருப்பதால்தான் வேலைக்கே போகிறார்கள். அந்தத் தையல்கூடத்தைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஊதா நிறத்துக்குள் கொண்டுபோனால், வரைபடம் சுத்தமாகும், பல வீடுகளில் வருமானம் நிற்கும்.

பஸ் கூண்டுத் தொழில் வேறு வகை. தகரம் வெட்டும் சத்தம், வெல்டிங் பொறி, தின்னர் வாடை, பிசின் கலவை, எல்லாவற்றுக்கும் மேலாக இடப்பசி. பன்னிரண்டு மீட்டர் நீள வண்டி திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், வெயிலில் காய வேண்டும். இத்தொழில் பெருமைக்குரியது. தென்னிந்தியச் சாலைகளில் ஓடும் தனியார் பேருந்துகளில் கரூர்க் கைபடாதவை குறைவு. இதற்கு வேண்டியது நெடுஞ்சாலையை ஒட்டிய, அகலமான உள்சாலையும் பொதுவான பெயின்ட் கூடமும் சேஸி நிறுத்துமிடமும் கொண்ட ஒரு வளாகம். கூண்டுப் பட்டறை உரிமையாளர்கள் பலர் இதை விரும்பக்கூடும், நகருக்குள் விரிவாக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் வளாகம் தயாராகும் முன்பே உரிமம் புதுப்பிக்க மாட்டோம் என்று மிரட்டக் கூடாது. இடம், மின்சாரம், தண்ணீர், சாலை நான்கும் வந்த பிறகு மாறுவதற்குப் பத்து ஆண்டு அவகாசம் என்று விதியிலேயே எழுதலாம். அந்தப் பத்தாண்டு முடிந்ததும் நீட்டிப்பு கேட்டு யாரும் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. அதுவும் ஒப்பந்தத்தின் பகுதிதான்.

ஏற்றுமதியாளர்களுக்கு இது கடினமான நேரம் என்பதை மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி போட்டபோது கரூர் எப்படித் தவித்தது என்று பார்த்தோம். லாபம் மெலிந்த காலத்தில் சுத்திகரிப்புச் செலவு பேசுவது எரிச்சலூட்டும். ஆனால் வெளிநாட்டில் வாங்குபவர்களும் சாயம் எங்கே போட்டது, கழிவு எங்கே போனது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒழுங்கான மண்டலத்தில் இருக்கும் சாயக்கூடம் அவர்களுக்குக் காட்டக்கூடிய சான்று. சந்துக்குள் இருக்கும் தொட்டி எந்த நேரமும் ஆர்டரைப் பறிக்கும்.

இந்த ஊருக்குக் கூடிச் செய்வது புதிதல்ல. 1916-இல் கரூர் வைசியா வங்கியைத் தொடங்கியவர்கள் இங்குள்ள வணிகர்கள். 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கியவர்களும் இதே ஊர் வணிகர்கள். சிறு நகரம் ஒன்று பத்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு வங்கிகளைப் பெற்றெடுத்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், தனித்தனிக் கணக்கும் தனித்தனி நட்டமும் உள்ளவர்கள். எல்லோருக்கும் பொதுவான தேவை என்று தெரிந்ததும் பணத்தை ஒரே பெட்டியில் போட்டார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம், சேஸி நிறுத்துமிடம் இரண்டும் அதே வகைத் தேவைகள். பணக்காரர் தானம் செய்ய வேண்டிய காரியங்களல்ல இவை. அவரவர் பங்குக்குப் பணம் போட்டு, அவரவர் பயன்பாட்டுக்குக் கட்டணம் கட்டும் காரியங்கள்.

தொழில் செய்பவர்களை மட்டும் நோக்கிப் பேசினால் அநியாயம். குடியிருப்பவர்கள் பங்கும் இருக்கிறது. பட்டறை முப்பது ஆண்டாக ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், பட்டறை இருப்பதால் விலை குறைவு என்றே மனை வாங்கி, வீடு கட்டி, பிறகு சத்தம் என்று புகார் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-இல் வரைமுறைப்படுத்தும் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வரைமுறைப்படுத்தலால் பத்திரம் சரியானது. மனைக்குப் பக்கத்தில் இருக்கும் தொழில் சரியாகவில்லை. வாங்குபவர், விற்பவர், அனுமதி கொடுத்தவர் மூவரும் சேர்ந்து பார்க்காமல் விட்ட இடைவெளி அது. புதிய திட்டத்தில் தொழில் மண்டலத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே மரங்கள் நிற்கும் ஓர் இடைப்பட்டை வேண்டும். அதற்குள் மனை போட யாருக்கும், எந்தச் சலுகையிலும், அனுமதி கூடாது. இடைப்பட்டையில் நிலம் உள்ளவர்கள் மட்டும் இழப்பைத் தாங்க வேண்டும் என்பதும் நியாயமில்லை. நிலத் தொகுப்பு முறைக்கு இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. பலரது நிலத்தை ஒன்றாக்கிச் சாலையும் பூங்காவும் பிரித்த பிறகு ஒவ்வொருவருக்கும் பங்குக்கேற்ற மனையைத் திருப்பித் தரலாம். சுமை எல்லோர் மீதும் சமமாக விழும்.

வாய்க்கால்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரட்டை வாய்க்கால் என்ற பெயரைக் கரூரில் சாக்கடைக்கு மறுபெயராகவே இளைய தலைமுறை அறிந்திருக்கிறது. வயலுக்கு நீர் கொண்டுபோன வாய்க்கால் அது. வருவாய்ப் பதிவேட்டில் வாய்க்கால் வாய்க்காலாகத்தான் இருக்கும். நில உபயோக வரைபடத்தில் குடியிருப்பின் மஞ்சளுக்குள் கரைந்துபோகும். இந்தப் பொருத்தமின்மைதான் ஆக்கிரமிப்புக்கு வாசல். முழுமைத் திட்டம் எழுதுபவர்கள் கிராம வரைபடத்தின் ஒவ்வொரு வாய்க்காலையும் குளத்தையும் ஓடையையும் நீல நிறத்தில் குறித்து, அவற்றின் கரையிலிருந்து எத்தனை மீட்டர் கட்டடம் கூடாது என்று விதியில் எழுதியாக வேண்டும். வயதான பாசனக்காரர்களுக்கு மடை எங்கே இருந்தது என்று தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தால் செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பலவும் தெரியவரும்.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும். பூங்காவுக்கு, சாலைக்கு, மைதானத்துக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தைக் குறித்த காலத்துக்குள், மூல சட்டப்படி மூன்று ஆண்டு, அரசு கையகப்படுத்தாவிட்டால் அந்த ஒதுக்கீடு தானாக விலகிவிடும். நில உரிமையாளரை முடக்கிவைக்கக் கூடாது என்பதற்கான நல்ல பிரிவு அது. ஆனால் நிதி இல்லாத ஊரில் அதன் பொருள் வேறு. வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் பூங்காக்கள் சில ஆண்டில் சட்டப்படியே காணாமல் போகும், யாரும் விதி மீறாமலேயே. அதனால் ஒதுக்கீட்டின் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. முதல் மூன்று ஆண்டில் எவற்றை வாங்குவோம், அதற்கு மாநகராட்சியின் எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று திட்டத்தோடு ஒரு பக்கம் இணைக்கச் சொல்ல வேண்டும். வாங்க முடியாத பத்துப் பூங்காவைக் குறிப்பதைவிட வாங்கப்போகும் இரண்டைக் குறிப்பது மேல்.

திட்டம் போடுவது யார் வேலை? அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளுக்குரிய பணிகளின் முதல் வரியே நகரத் திட்டமிடல்தான். நடைமுறையில் நம் மாநிலத்தில் அது உள்ளூர்த் திட்டக் குழுமத்திடமும் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும் இருக்கிறது. மாமன்றம் கருத்துச் சொல்லும் இடத்தில்தான் நிற்கிறது. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் வகுத்த விதிகளின்படி நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் வந்துவிட்டன. கரூரின் 48 வார்டுகளிலும் வரைவுத் திட்டத்தின் அந்தந்த வார்டுப் பகுதியை மட்டும் பெரிதாக அச்சிட்டு, சர்வே எண்ணும் தெருப்பெயரும் தமிழில் போட்டு, பகுதி சபையில் விரித்து வைக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. கவுன்சிலரின் விருப்பம் போதும். ஆளுங்கட்சிக் கவுன்சிலரும் எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய அரிய பொருள் இது, ஏனென்றால் வாய்க்கால் எந்தக் கட்சி வார்டிலும் நிற்காமல்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் இப்போதே நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணாக நில உபயோக மாற்றம் வாங்குவது. பத்திரிகையில் அவ்வப்போது வரும் அந்தச் சிறு அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை. விவசாய நிலத்துக்கு நடுவில் ஒரு தொழிற்கூடம், அதற்குச் சாலை, சாலையை ஒட்டி மனை என்று திட்டம் துண்டுதுண்டாக மாறிவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்யச் சட்டத்தின் 32-ஆவது பிரிவே வழி வைத்திருக்கிறது. மாற்றம் கேட்பவர்கள் எல்லோரும் அந்த மறுஆய்வுக்கு வரட்டும், ஊர் முன்னிலையில் கேட்கட்டும். அவசரம் என்று தனியாகக் கேட்பவர்களுக்கு விலக்கு தருவதில்லை என்று குழுமம் தானே தீர்மானம் போட்டுக்கொள்ள வேண்டும்.

வரைவு வெளியாகும் அன்று செய்ய வேண்டியவை எளியவை. திட்டக் குழும அலுவலகத்துக்குப் போய் உங்கள் சர்வே எண்ணையும், நாலு பக்கத்து எண்களையும், அருகிலுள்ள வாய்க்காலின் எண்ணையும் பாருங்கள். பட்டறை வைத்திருப்பவர் அண்டை வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போகட்டும், வீட்டுக்காரர் பட்டறைக்காரரை அழைத்துக்கொண்டு போகட்டும். தனித்தனி மனு கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, கோப்பில் கட்டப்பட்டுவிடும். ஒரே தெருவிலிருந்து தொழில்காரரும் குடியிருப்பவரும் நில உரிமையாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவைத் தள்ளிவைப்பது எந்த அதிகாரிக்கும் கடினம். மனுவில் கோபம் வேண்டாம். சர்வே எண், இப்போதைய உபயோகம், வரைவில் காட்டியிருக்கும் உபயோகம், நீங்கள் கேட்கும் மாற்றம், அதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பது என்ன, இந்த ஐந்தும் இருக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இறுதித் திட்டம் வரும்போது உங்கள் மனுமீது என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.